பாக்டீரியா தன் செல் சுவரைக் கட்டும் விதம்: உள்ளிருந்து வெளியே ஒரு முழுமையான வழிகாட்டி

பாடப்புத்தகப் படங்களில் பாக்டீரியாவின் செல் சுவர் ஒரு தடித்த கோடாக, வீட்டைச் சுற்றிய மதிலைப் போல வரையப்பட்டிருக்கும். அந்தப் படத்தைப் பார்த்துப் படித்தவர்கள், சுவர் என்பது ஒருமுறை கட்டி முடித்துவிட்டு உள்ளே குடியிருப்பதற்கானது என்று எண்ணிக்கொள்வது இயல்பு. நாகர்கோவிலில் பிளஸ் டூ மாணவர்களுக்கும் செவிலியர் பயிற்சி மாணவியருக்கும் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுத்துவரும் எனக்கு, "பென்சிலின் எப்படிக் கொல்கிறது?" என்ற கேள்வியில் பலர் தடுமாறுவதற்குக் காரணமே இந்த மதில் படம்தான் என்று தோன்றுகிறது. செல் சுவர் மதில் அல்ல, வலை. அதுவும், உள்ளே மீன் திமிறிக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கம் அறுத்தும் மறு பக்கம் பின்னியும் பெரிதாக்கப்படுகிற வலை. இதைப் பிடித்துக்கொண்டு உள்ளிருந்து வெளியே ஒவ்வொரு படியாக நடந்தால், மனப்பாடம் செய்ய வேண்டியது மிகக் குறைவு என்பது தெரியவரும்.

வலை என்பது நான் மீனவர் வீட்டில் பிறந்ததால் எடுத்துக்கொண்ட உவமை அன்று. வைடல், பெல்சர் என்ற இரு ஆய்வாளர்கள் 1964-இல் பாக்டீரியாவின் சுவரைப் பிரித்தெடுத்து ஆராய்ந்து, அது முழுவதுமே வேதிப் பிணைப்புகளால் ஒன்றோடொன்று கோக்கப்பட்ட, பை வடிவில் அமைந்த ஒரே ஒரு மாபெரும் மூலக்கூறு என்று எழுதினார்கள். ஒரு பாக்டீரியாவைச் சுற்றி ஒரே ஒரு மூலக்கூறு! அந்தப் பையின் வேதிப்பெயர் பெப்டிடோகிளைக்கான். நீளவாக்கில் சர்க்கரை நூல்களும், அந்த நூல்களை இணைக்கும் சிறு புரத முடிச்சுகளும் சேர்ந்தால் அதுவே வலை.

தொடங்கும் முன்: இந்த வலை எதற்கு?

பாக்டீரியாவின் உள்ளே புரதங்களும் உப்புகளும் சர்க்கரைகளும் நெருக்கமாக அடைந்து கிடக்கின்றன. வெளியே நீர்த்த சூழல் இருக்கும்போது, சவ்வூடு பரவலின் விதிப்படி தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். இதனால் ஏற்படும் உள்ளழுத்தம், நம் குடலில் வாழும் ஈ. கோலை போன்றவற்றில் ஓரிரு அட்மாஸ்பியர் அளவுக்கு, அதாவது மோட்டார் சைக்கிள் டயரில் அடைக்கும் காற்றின் அழுத்தத்தை நெருங்கும் அளவுக்கு மதிப்பிடப்படுகிறது. ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற தடித்த சுவருள்ளவற்றில் அது 20 அட்மாஸ்பியரை எட்டுகிறது. கொழுப்பால் ஆன மெல்லிய செல் சவ்வால் இந்த அழுத்தத்தைத் தனியே தாங்க இயலாது. டயருக்குள் இருக்கும் ட்யூபைப் போல, சவ்வு அழுத்தத்தை அடைத்து வைக்கிறது. வலை அதைத் தாங்குகிறது.

கருவாட்டுக்கு உப்பிடும்போது இதே விதி எதிர்த்திசையில் வேலை செய்கிறது. வெளியே உப்பு மிகுந்தால் தண்ணீர் செல்லை விட்டு வெளியேறுகிறது. சவ்வு சுருங்கி வலையை விட்டு உள்ளே ஒதுங்குகிறது. பெரும்பாலான பாக்டீரியாக்கள் வளர வழியற்றுப் போகின்றன. ஜோஷுவா லெடர்பெர்க் 1956-இல் செய்த சோதனை இதைவிடத் தெளிவானது. ஈ. கோலைக்குப் பென்சிலின் கொடுத்தால் அது வெடித்துச் சாகும். ஆனால் சுக்ரோஸ் சர்க்கரை சேர்த்த திரவத்தில் வைத்துக் கொடுத்தால், கோல் வடிவம் குலைந்து உருண்டையாகி உயிரோடு கிடக்கும். பென்சிலினை நீக்கிவிட்டால் அது மீண்டும் கோலாகிப் பெருகும். கொல்வது பென்சிலின் நேரடியாக அன்று, வலை கிழிந்த இடத்தில் பாயும் உள்ளழுத்தம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. வலைதான் உருவத்தையும் தருகிறது என்பது இச்சோதனையின் இரண்டாவது பாடம்.

இனி ஒரு தாளை எடுத்துக் குறுக்கே இரண்டு கோடுகள் இழுத்து மூன்று பகுதிகளாக்கிக்கொள்ளுங்கள். கீழே சைட்டோபிளாசம், நடுவில் செல் சவ்வு, மேலே வெளிப்புறம். முதல் இரண்டு படிகள் கீழ்ப்பகுதியிலும், அடுத்த இரண்டு நடுப்பகுதியிலும், கடைசி மூன்று மேற்பகுதியிலும் நிகழ்கின்றன. ஒவ்வொரு படியையும் படிக்கும்போதே அதற்குரிய இடத்தில் எழுதிக்கொண்டு வருவது, பிற்பாடு மருந்துகளைப் பொருத்திப் பார்க்க மிகவும் உதவும்.

முதல் படி: இரண்டு சர்க்கரைகள்

வலையின் நூல் இரண்டே சர்க்கரைகள் மாறி மாறி வருவதால் ஆனது. ஒன்று என்-அசிடைல் குளுக்கோசமைன். மற்றொன்று என்-அசிடைல் மியூராமிக் அமிலம். பெயர்கள் நீளமாக இருப்பதால் இனி முதலாவதைக் குளுக்கோசமைன் என்றும், இரண்டாவதை மியூராமிக் என்றும் குறிப்பிடுகிறேன். முதலாவது புதியதன்று. இறால், நண்டு ஓடுகளில் உள்ள கைட்டின் முழுக்க அதனால் ஆனதுதான். இரண்டாவது பாக்டீரியாவுக்கே உரியது.

செல் தன் வழக்கமான சர்க்கரை வளர்சிதை மாற்றத்திலிருந்து ஃபிரக்டோஸ்-6-பாஸ்பேட்டை எடுத்து, நைட்ரஜனும் அசிடைல் தொகுதியும் சேர்த்து, யூரிடின் டைபாஸ்பேட் என்ற கைப்பிடியைப் பொருத்துகிறது. இதுவே குளுக்கோசமைன் வடிவில் தயாரான சரக்கு. அதில் ஒரு பகுதியை மியூர்-ஏ என்ற நொதி எடுத்து, பாஸ்போ-ஈனால் பைருவேட்டிலிருந்து மூன்று கார்பன் கொண்ட ஒரு துண்டை ஒட்டுகிறது. மியூர்-பி அதை ஒடுக்கி, மியூராமிக் ஆக்கி முடிக்கிறது. அந்த மூன்று கார்பன் துண்டுதான் பின்னால் முடிச்சு தொங்கவிருக்கும் கொக்கி. கைட்டினில் இந்தக் கொக்கி இல்லாததால் அதில் நூல்களை இப்படி முடிச்சுப் போட இயலாது.

சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்குக் கொடுக்கும் பாஸ்போமைசின் இங்கேதான் தடுக்கிறது. அது மியூர்-ஏ நொதியின் செயலிடத்தில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்கிறது. காசநோய்க் கிருமியின் மியூர்-ஏ நொதியில் அந்த இடத்தில் சிஸ்டீனுக்குப் பதில் அஸ்பார்டிக் அமிலம் இருப்பதால் பாஸ்போமைசின் ஒட்ட இடமின்றிப் போகிறது.

இரண்டாம் படி: ஐந்து அமினோ அமிலங்களின் வால்

மியூராமிக்கின் கொக்கியில் இப்போது ஐந்து அமினோ அமிலங்கள் ஒவ்வொன்றாகத் தொங்கவிடப்படுகின்றன. ஈ. கோலையில் வரிசை இது: எல்-அலனைன், டி-குளுட்டாமிக் அமிலம், டைஅமினோபிமெலிக் அமிலம், டி-அலனைன், டி-அலனைன். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸில் மூன்றாம் இடத்தில் எல்-லைசின் நிற்கும். மற்றவை ஏறத்தாழ இதுவே. மியூர்-சி, மியூர்-டி, மியூர்-ஈ, மியூர்-எஃப் என்ற நான்கு நொதிகள் இந்த வேலையைச் செய்கின்றன. கடைசி இரண்டு அலனைன்களும் முன்கூட்டியே ஜோடியாக ஒட்டப்பட்டு மியூர்-எஃப் வழியாக ஒன்றாக ஏறுவதால், ஐந்துக்கு நான்கு நொதிகளே போதுகின்றன. ஒவ்வொரு இணைப்புக்கும் செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி ஒன்று செலவாகிறது. வழக்கமாகப் புரதங்களைக் கட்டும் ரைபோசோம் இந்த வேலையில் பங்கெடுப்பதில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

எல், டி என்ற எழுத்துகளில்தான் மாணவர்கள் சலிப்படைகிறார்கள். கன்னியாகுமரி சங்குக் கடைகளுக்குப் போனவர்களுக்கு இதில் சிரமமே இருக்கக் கூடாது. குவிந்து கிடக்கும் சங்குகள் எல்லாம் இடம்புரி. வலம்புரி தேடினாலும் கிடைப்பது அரிது. இரண்டும் ஒரே பொருளால், ஒரே அளவில், ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பமாக அமைந்தவை. ஆனாலும் ஒன்றின் மேல் மற்றொன்றை வைத்துப் பொருத்த முடியாது. அமினோ அமிலங்களும் அப்படியே. நம் உடலின் புரதங்களும் பாக்டீரியாவின் புரதங்களும் எல் வடிவத்தால், அதாவது இடம்புரியால், கட்டப்படுகின்றன. செல் சுவரில் மட்டும் பாக்டீரியா வலம்புரியைக் கலக்கிறது. புரதங்களை வெட்டும் வழக்கமான நொதிகள் இடம்புரிக்கே பழகியவை என்பதால் இந்த வால் எளிதில் செரிக்கப்படுவதில்லை.

இயற்கையில் கிடைப்பது எல்-அலனைன் ஆகையால், அதை டி வடிவத்துக்குத் திருப்ப ஒரு நொதியும், திருப்பிய இரண்டை ஜோடி சேர்க்க இன்னொரு நொதியும் தேவை. காசநோயில் இரண்டாம் நிலை மருந்தாகப் பயன்படும் சைக்ளோசெரின், டி-அலனைனின் சாயல் கொண்டது. இவ்விரு நொதிகளையும் ஒருசேர முடக்குகிறது.

ஐந்தாவதாக நிற்கும் அலனைன் முடிந்த சுவரில் பெரும்பாலும் காணப்படுவதில்லை. கடைசியில் கழற்றி எறியப் போகும் ஒன்றை ஏன் ஏ.டி.பி செலவழித்து ஒட்ட வேண்டும் என்ற கேள்வியைத் தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள். ஆறாம் படியில் அதற்கு விடை வருகிறது.

மூன்றாம் படி: கொழுப்புப் படகில் ஏற்றுதல்

சர்க்கரையும் அமினோ அமிலமும் நீரை விரும்புபவை. சவ்வின் நடுப்பகுதி எண்ணெய்ப் பசை கொண்டது. தயாரான சரக்கு தானாகச் சவ்வைக் கடக்க முடியாது. அதற்காகச் செல் ஒரு படகை வைத்திருக்கிறது. 55 கார்பன்கள் கொண்ட அன்டெகாப்ரினைல் பாஸ்பேட் என்ற நீண்ட கொழுப்பு மூலக்கூறே அது. ஐசோப்ரீன் என்ற ஐந்து கார்பன் அலகு பதினொரு முறை கோக்கப்பட்டு உருவாவது. குலசேகரம், அருமனை பக்கம் விடியற்காலையில் பால் வெட்டிச் சேகரிக்கும் ரப்பரும் இதே ஐசோப்ரீன் அலகுகளின் தொடர்தான். ரப்பரில் ஆயிரக்கணக்கில் கோக்கப்படுவது இங்கே பதினொன்றோடு நிற்கிறது.

ம்ரா-ஒய் என்ற நொதி, ஐந்து அமினோ அமில வாலோடு கூடிய மியூராமிக்கை இந்தப் படகில் ஏற்றுகிறது. இதற்கு லிப்பிட்-1 என்று பெயர். அடுத்து மியூர்-ஜி என்ற நொதி, முதல் படியில் தயாரித்து வைத்த குளுக்கோசமைனை அதன் மேல் சேர்க்கிறது. இதற்கு லிப்பிட்-2 என்று பெயர். இப்போது படகில் வலையின் ஒரு முழு அலகு, இரண்டு சர்க்கரைகளும் ஒரு வாலும், ஏறிவிட்டது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் இந்த நிலையில் மூன்றாவது அமினோ அமிலமான லைசினில் ஐந்து கிளைசின்களால் ஆன ஒரு பக்கக் கிளையையும் ஒட்டிவிடும்.

படகுகளின் எண்ணிக்கை மிகக் குறைவு என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஈ. கோலையின் சுவரில் சுமார் 35 லட்சம் அலகுகள் உள்ளன. ஆனால் எந்த நேரத்திலும் செல்லில் இருக்கும் லிப்பிட்-2 மூலக்கூறுகள் ஓரிரு ஆயிரம் மட்டுமே. நல்ல உணவு கிடைத்தால் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிக்கும் செல், அந்த 1,200 நொடிகளுக்குள் இன்னொரு 35 லட்சத்தைச் சேர்க்க வேண்டுமானால், நொடிக்கு ஏறக்குறைய 2,900 அலகுகளைக் கரை சேர்க்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு படகும் நொடிக்கு ஒரு முறையாவது சரக்கை இறக்கிவிட்டுத் திரும்ப வந்தாக வேண்டும். இது தோராயக் கணக்குதான் என்றாலும், இந்த அமைப்பு எவ்வளவு இறுக்கமாக ஓடுகிறது என்பதை உணர இது போதும். சரக்கை இறக்கிய படகு இரண்டு பாஸ்பேட்டுகளோடு வெளிப்பக்கம் நிற்கும். அதில் ஒன்றைக் கழற்றினால்தான் மறுபடி பயன்படும். காயங்களில் பூசும் களிம்புகளில் உள்ள பேசிட்ராசின் அந்த இரட்டைப் பாஸ்பேட்டைப் பற்றிக்கொண்டு படகைக் கரையிலேயே கட்டிப்போடுகிறது.

நான்காம் படி: புரட்டுதல்

லிப்பிட்-2 இப்போது சவ்வின் உட்பக்கத்தை நோக்கித் தொங்குகிறது. அதை வெளிப்பக்கம் புரட்ட வேண்டும். யார் புரட்டுகிறார்கள் என்பது நீண்ட காலம் தீராத வழக்காக இருந்தது. 2008-இல் மியூர்-ஜே என்ற புரதம் சுட்டிக்காட்டப்பட்டது. அதை முடக்கினால் புரட்டுதல் நின்றுவிடுகிறது என்று 2014-இல் உயிருள்ள செல்களிலேயே காட்டப்பட்டது.

ஐந்தாம் படி: நூல் நீளுதல்

வெளிப்பக்கம் வந்த அலகுகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டுச் சர்க்கரை நூலாகின்றன. வளரும் நூல் அதன் படகிலிருந்து விடுபட்டு, புதிதாக வந்து நிற்கும் அலகின் குளுக்கோசமைனோடு இணைகிறது. இதைச் செய்பவை இரு வகை நொதிகள். பென்சிலின் பிணைப்புப் புரதங்களில் ஏ வகுப்பைச் சேர்ந்தவை நூலையும் நீட்டும், முடிச்சும் போடும். ராட்-ஏ, எஃப்டிஎஸ்-டபிள்யூ என்ற வேறொரு குடும்பத்துப் புரதங்கள் நூலை மட்டும் நீட்டும். இவற்றில் ராட்-ஏ இந்த வேலையைச் செய்கிறது என்பது 2016-இல்தான் உறுதியாயிற்று. அதற்கு முன் அச்சான பல பாடநூல்களில் ஏ வகுப்பு நொதிகள் மட்டுமே சொல்லப்பட்டிருக்கும் என்பதால், பழைய நூலை வைத்துப் படிப்பவர்கள் இதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

நம் கண்ணீரிலும் கோழி முட்டையின் வெள்ளைக் கருவிலும் உள்ள லைசோசைம் வெட்டுவது இந்த நூலைத்தான். மியூராமிக்குக்கும் அடுத்த குளுக்கோசமைனுக்கும் இடையிலுள்ள பிணைப்பில். 1922-இல் இதை அறிவித்தவர், ஆறு ஆண்டுகளுக்குப் பின் பென்சிலினைக் கண்ட அலெக்சாண்டர் ஃப்ளெமிங். ஒரே மனிதர், ஒரே வலையின் இரண்டு பலவீனங்களையும் தொட்டிருக்கிறார்: ஒன்று நூலில், மற்றொன்று முடிச்சில். வலை என்ற பொருளின் வேதியியல் தெரியவருவதற்கு முன்பே இது நடந்தது.

ஆறாம் படி: முடிச்சு

இந்தப் படியில் சற்று நின்று நிதானிக்க வேண்டும். நூல்கள் மட்டும் இருந்தால் வலையாகாது. அருகருகே ஓடும் இரண்டு நூல்களில் தொங்கும் வால்களை இணைத்தால்தான் கண்ணி உருவாகும். ஈ. கோலையில் ஒரு வாலின் நான்காவது அலனைன், பக்கத்து வாலின் மூன்றாவது அமினோ அமிலத்தோடு நேரடியாகப் பிணைகிறது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸில் ஐந்து கிளைசின்களின் கிளை இடையில் பாலமாகிறது.

பெப்டைடு பிணைப்பை உண்டாக்க ஆற்றல் வேண்டும். ஆனால் இந்த வேலை நடக்கும் வெளிப்பக்கத்தில் ஏ.டி.பி கிடையாது. வழியில் சோறு கிடைக்காத ஊருக்குப் போகிறவர்கள் கட்டுச்சோறு கொண்டு போவதைப் போல, பாக்டீரியா உள்ளே ஏ.டி.பி இருக்கும்போதே ஓர் உபரிப் பிணைப்பைச் செய்து கட்டிக்கொண்டு வருகிறது. அந்தக் கட்டுச்சோறுதான் ஐந்தாவது அலனைன். முடிச்சுப் போடும் நொதி நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையிலான பிணைப்பை உடைத்து, ஐந்தாவதை வெளியேற்றி, அந்த ஆற்றலைக் கொண்டே நான்காவதைப் பக்கத்து வாலோடு பிணைக்கிறது. இரண்டாம் படியில் தாளின் ஓரத்தில் எழுதிய கேள்விக்கு விடை இதுவே. எத்தனை முறை இதைக் கரும்பலகையில் வரைந்தாலும், இந்தத் தீர்வின் அழகு எனக்குக் குறைவதே இல்லை.

இந்த இடைவேளையில் நொதி ஒரு கணம் நான்காவது அலனைனைத் தன் செரைன் என்ற அமினோ அமிலத்தில் பற்றிக்கொண்டு நிற்கும். பென்சிலினின் நாற்கோண பீட்டா-லாக்டம் வளையம், வாலின் முனையிலுள்ள இரட்டை டி-அலனைனின் சாயலைக் கொண்டது என்று டிப்பர், ஸ்ட்ரோமிங்கர் ஆகியோர் 1965-இல் முன்வைத்தனர். நொதி அதை வால் என்று எண்ணிப் பற்றுகிறது. பற்றிய பின் விடுவிக்க இயலாமல் கெட்டுப்போகிறது. அமாக்ஸிசிலின், கிளாக்ஸாசிலின், செஃப்ட்ரியாக்சோன் எல்லாம் இதே வழியில் வேலை செய்பவை. வான்கோமைசின் நொதியை விட்டுவிட்டு, வாலின் முனையிலுள்ள அந்த இரட்டை அலனைனையே உறையிட்டதுபோல மூடிவிடுகிறது.

வேலை கடைசிக் கட்டத்தில் தடைபட்டால் முந்தைய கட்டங்களில் சரக்கு தேங்கும். லாரி வராத நாளில் தோவாளைச் சந்தையில் பூ மூட்டைகள் குவிவதைப் போல, பென்சிலின் கொடுத்த ஸ்டஃபைலோகாக்கஸில் ஒரு விசித்திரப் பொருள் குவிவதை ஜேம்ஸ் பார்க் 1949-இல் கண்டார். அதுவே இரண்டாம் படியின் முடிவில் கிடைக்கும் மியூராமிக் பொருள் என்பது பின்னர் தெளிவாயிற்று. சுவர் கட்டும் பாதையை அறிய உதவிய முதல் தடயம் இது.

எதிர்ப்புத்திறனும் இந்த முடிச்சைச் சுற்றியே அமைகிறது. சில பாக்டீரியாக்கள் பீட்டா-லாக்டம் வளையத்தை உடைக்கும் பீட்டா-லாக்டமேஸ் நொதியைச் சுரக்கின்றன. மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ், பென்சிலின் எளிதில் பற்றாத வேறொரு முடிச்சு நொதியைப் பெற்றுக்கொண்டது. வான்கோமைசினுக்கு அடங்காத என்டெரோகாக்கஸ் கடைசி டி-அலனைனுக்குப் பதில் டி-லாக்டிக் அமிலத்தை வைக்கிறது. அந்த ஒரு மாற்றத்தால் வான்கோமைசினின் பிடி ஏறக்குறைய ஆயிரம் மடங்கு தளர்கிறது.

ஏழாம் படி: அறுத்தல்

பெரும்பாலான விளக்கங்கள் ஆறாம் படியோடு நின்றுவிடும். என் கருத்தில் அது பாதிக் கதைதான்.

கடியபட்டணத்தில் என் தந்தை கிழிந்த வலையை மடியில் விரித்துவைத்துச் சரிசெய்யும்போது, முதலில் ஊசியை எடுக்க மாட்டார், கத்தியைத்தான் எடுப்பார். பிய்ந்து தொங்கும் இழைகளை மட்டுமல்லாமல், கிழிசலைச் சுற்றி நன்றாக இருக்கும் சில கண்ணிகளையும் முடிச்சின் ஓரமாக அறுத்துவிடுவார். ஓட்டை இரு மடங்காகத் தெரியும். சிறுவனாக இருந்த நான், நல்ல கண்ணியை ஏன் அறுக்கிறீர்கள் அப்பா என்று கேட்டிருக்கிறேன். "அறுக்காம புதுக் கண்ணிய எங்கடே கோக்க?" என்றார். அறுத்த விளிம்பில் ஒவ்வொரு முடிச்சாகப் புது நூலைக் கோத்துக்கொண்டு வருவார்.

எல்லாப் பக்கமும் முடிச்சுப் போட்டு மூடிய பைக்குள் புதிய நூலை நுழைக்க வேண்டுமானால், பழைய முடிச்சுகளில் சிலவற்றை அறுத்தே ஆக வேண்டும் என்று ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கருதிவந்தார்கள். ஆனால் எந்த நொதி அதைச் செய்கிறது என்பது தெரியவில்லை. ஹைதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் மஞ்சுளா ரெட்டியும் அவருடைய குழுவினரும் 2012-இல் அதற்கு விடை கண்டார்கள். ஈ. கோலையில் முடிச்சுகளை அறுக்கும் மூன்று நொதிகள் உள்ளன. ஒன்றிரண்டு இல்லாவிட்டாலும் செல் சமாளிக்கும். மூன்றையும் ஒருசேர நீக்கினால் புது நூல் நுழைய இடமின்றி வளர்ச்சி நின்று செல் சிதைந்துவிடும். வலையின் முடிச்சை அறுப்பதுதான் வலை வளர்வதற்கான நிபந்தனை என்பது இதனால் நிலைநாட்டப்பட்டது. 2019-ஆம் ஆண்டின் இன்ஃபோசிஸ் பரிசு உயிரியல் பிரிவில் அவருக்கு வழங்கப்பட்டது.

அறுத்த துண்டுகள் வீணாவதில்லை. ஈ. கோலை ஒரு தலைமுறைக் காலத்தில் தன் சுவரின் ஏறக்குறைய பாதியைக் கழற்றி, பெரும்பகுதியை மீண்டும் உள்ளே எடுத்துக்கொண்டு புதிய அலகுகளாக்குகிறது.

இப்போது பென்சிலினுக்குத் திரும்புவோம். முடிச்சுப் போடும் நொதி மட்டும் நின்று, அறுக்கும் நொதிகள் தொடர்ந்து வேலை செய்தால் வலை என்னவாகும் என்பதை இனி யாரும் விளக்க வேண்டியதில்லை. வளராமல் ஓய்ந்திருக்கும் பாக்டீரியாவைப் பென்சிலின் அவ்வளவாகத் தொடாததற்கும் காரணம் இதுவே: அங்கே அறுப்பும் இல்லை, பின்னலும் இல்லை. 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு மேலும் ஒரு கூறைச் சேர்த்தது. முடிச்சு நொதி தடுக்கப்பட்ட பின்னும் நூல் நீட்டும் நொதி ஓய்வதில்லை. முடிச்சில்லாத நூல்களைச் செய்துகொண்டே போகிறது, அவை உடனுக்குடன் சிதைக்கப்படுகின்றன. பயனற்ற இந்தச் சுழற்சியில் செல்லின் கையிருப்பு கரைந்து மருந்தின் தாக்கம் கூடுகிறது.

எந்த இடத்தில் பின்னுவது?

அறுப்பும் பின்னலும் ஒரே இடத்தில், ஒரே வேளையில் நடக்க வேண்டும். கோல் வடிவ பாக்டீரியாக்களில் இதை மிரே-பி என்ற புரதம் ஒழுங்குபடுத்துகிறது. நம் தசைகளில் உள்ள ஆக்டினின் உறவுப் புரதமான அது, சவ்வின் உட்பக்கத்தில் குறு இழைகளாக ஒட்டிக்கொண்டு, செல்லின் குறுக்குச் சுற்றளவில் நகர்கிறது. அதனோடு இணைந்த நொதிகள் வெளியே புதிய நூலைச் சுற்றளவு வாக்கில் பின்னிக்கொண்டே போகின்றன. பீப்பாய்க்கு வளையம் போட்டதுபோல் அமைவதால் செல் பருக்காமல் நீளுகிறது. பிரியும் வேளை வந்தால், எஃப்டிஎஸ்-இசட் என்ற வேறொரு புரதம் நடுவில் வளையமாகத் திரண்டு, பின்னல் வேலையை அங்கே அழைத்துக்கொள்கிறது.

முடிந்த வலை எல்லா பாக்டீரியாவிலும் ஒரே தடிப்பில் இருப்பதில்லை. கிராம் பாசிட்டிவ் வகையில் (கீழே வரும் சாயச் சோதனையில் ஊதாவாகவே நிற்பவை) அது பல அடுக்காக, 20 நானோமீட்டரும் அதற்கு மேலும் தடித்து, டெய்க்காயிக் அமிலம் என்ற நீண்ட தொடர்களை ஊடே தாங்கி நிற்கும். கிராம் நெகட்டிவ் வகையில் சில நானோமீட்டர் தடிப்புள்ள மெல்லிய வலை. அதற்கு வெளியே இன்னொரு சவ்வு. மருந்து அந்த வெளிச்சவ்வின் துளைகள் வழியே நுழைந்துதான் வலையை அடைய வேண்டும் என்பதால், கிராம் நெகட்டிவ் தொற்றுகளில் பல மருந்துகள் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. மைக்கோபிளாஸ்மாவுக்கு வலையே இல்லை. ஆகவே பென்சிலின் அதன்மேல் செல்லாது.

கண்ணால் பார்க்க: தயிரும் ஊதாச் சாயமும்

பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியரின் துணையோடு இந்த வலையின் இருப்பைக் காண முடியும். கிறிஸ்டியன் கிராம் 1884-இல் பெர்லினில் வெளியிட்ட சாயமேற்றும் முறையே இன்றும் போதும். முந்தைய நாள் உறையூற்றிய வீட்டுத் தயிரின் தெளிந்த நீரில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் இன்னொரு சொட்டுத் தண்ணீரோடு மெல்லிய படலமாகப் பரப்புங்கள். காய்ந்தபின் தகட்டின் அடிப்பக்கத்தைத் தீச்சுடரின் மேல் இரண்டு மூன்று முறை விரைவாகக் கொண்டு செல்லுங்கள். புறங்கையில் வைத்தால் பொறுக்கும் சூடு போதும். கிறிஸ்டல் வயலட்டை ஒரு நிமிடம் ஊற்றி வைத்துக் கழுவுங்கள். அயோடின் கரைசலை ஒரு நிமிடம் வைத்துக் கழுவுங்கள். அயோடினும் சாயமும் சேர்ந்து வலைக்குள் பெரிய துகள்களாகிவிடும்.

அடுத்து ஆல்கஹால். இங்கேதான் கவனம் வேண்டும். தகட்டைச் சாய்த்துப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக விட்டு, வழியும் நீரில் ஊதா நிறம் நின்றவுடன், சில நொடிகளிலேயே, தண்ணீரால் கழுவிவிட வேண்டும். ஆல்கஹால் தடித்த வலையை உலர்த்திச் சுருக்குகிறது. கண்ணிகள் இறுகிச் சாயம் உள்ளே சிக்கிக்கொள்கிறது. மெல்லிய வலையோ அதன் வெளிச்சவ்வு கரைந்துபோக, சாயத்தை விட்டுவிடுகிறது. முதன்முதலாக நான் இதைச் செய்தபோது அரை நிமிடத்துக்கும் மேல் ஆல்கஹாலை ஊற்றி, தயிரின் பாக்டீரியாவை இளஞ்சிவப்பாகப் பார்த்துத் தவறான முடிவை நோட்டில் எழுதினேன். பிடி எவ்வளவு உறுதியானாலும் நேரம் மிஞ்சினால் ஊதா கழன்றுவிடும். கடைசியாக சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயத்தை அரை நிமிடம் வைத்துக் கழுவி உலர்த்துங்கள். எண்ணெய் இட்டுப் பார்க்கும் 100 மடங்கு பொருளருகு லென்சின் கீழ், தயிரின் கோல்களும் கோளங்களின் சங்கிலிகளும் அடர் ஊதாவாகத் தெரியும்.

சோதனையை அதோடு முடித்துவிடாமல், அதே தயிரில் கொஞ்சத்தை வெளியே வைத்து ஒரு வாரம் கழித்து மறுபடி சாயமேற்றிப் பாருங்கள். ஊதாக் கோல்களுக்கு நடுவே, அதே உருவத்தில், இளஞ்சிவப்பாகச் சில தென்படக்கூடும். அவை வேறு இனம் அல்ல. பின்னல் நின்றபின்னும் அறுப்பு தொடர்ந்ததால் கண்ணிகள் விட்டுப்போன, சாயத்தைப் பிடித்து வைக்க இயலாத, அதே தயிரின் முதிர்ந்த செல்கள்.